எழுத்துப்பிழையில் பிறந்த பெயர்: ஒரு கிறிஸ்தவ ராக் குழுவின் பதினெட்டு ஆண்டுகள்

எதற்காக இந்த ஆய்வு

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் 1998இல் ரிலையன்ட் கே என்ற கிறிஸ்தவ பாப் ராக் குழு தொடங்கியது. அதன் 1998 முதல் 2016 வரையான காலத்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சிறிய கம்பெனியிலிருந்து பெரிய கம்பெனிக்குப் பாட்டுகள் போயின. பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தவர்கள் முப்பத்தைந்தைத் தாண்டினார்கள். ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் கூடவே வந்தது ஒன்றுதான்: கிண்டல். அது இவர்களுக்கு என்ன சம்பாதித்துக் கொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதைப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். வாலிபர் கூட்டத்தில் கித்தார் மாட்டிக்கொண்டு நிற்கிற யாருக்கும் இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

உறுப்பினர்களின் பெயர்களை எழுதவில்லை. எடுத்த முடிவுகள்தான் இங்கே முக்கியம் என்பதால் பாடகர், கித்தார்காரர், பாஸ்காரர், டிரம்மர் என்று அவரவர் கருவியை வைத்தே சொல்கிறேன். ஒரு பெயர் விஷயத்தை மட்டும் விட மனம் வரவில்லை. பாடகர், கித்தார்காரர் இருவரையுமே மேட் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் வந்து சேர்ந்த இரண்டு பேரையும் கூப்பிட்டால் ஜான் என்றுதான் காதில் விழும், எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. ஆரம்ப ஒலிப்பதிவுகளைச் செய்துகொடுத்தவர் பெயர் மார்க். ஆக இரண்டு மத்தேயு, ஒரு மாற்கு, இரண்டு யோவான். நான்கு சுவிசேஷக்காரர்களில் லூக்கா மட்டும்தான் பாக்கி.

பின்னணி: ஊரும் காரும்

கேன்டன் ஒரு பழைய தொழில் நகரம். பேரிங் தயாரிப்புக்குப் பேர்போனது. அமெரிக்கக் கால்பந்து ஜாம்பவான்களுக்கான அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரில் பள்ளிப் பருவத்தில் இருந்த மூன்று நண்பர்கள், பாடகரும் கித்தார்காரரும் பாஸ்காரரும், சேர்ந்து குழு தொடங்கினார்கள்.

பெயர் கித்தார்காரர் ஓட்டிய காரிலிருந்து வந்தது. பிளிமத் ரிலையன்ட், கே வரிசை. பிளிமத் என்பது கிரைஸ்லர் கம்பெனியின் ஒரு பிராண்டு. அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் பெயரில் உள்ள கிண்டல் பிடிபடும். 1979இல் கிரைஸ்லர் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. 150 கோடி டாலர் வரையான கடனுக்கு அமெரிக்க அரசே உத்தரவாதம் கொடுத்தது. அதன் பிறகு லீ அயகோக்கா தலைமையில் வந்த கே வரிசைக் கார்கள்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தின. ரிலையன்ட் 1981 மாடலாக வந்து 1989 வரை ஓடியது. தீப்பெட்டியைப் பெரிதாக்கிச் சக்கரம் மாட்டினது போல இருக்கும். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட், நெருக்கி உட்கார்ந்தால் வண்டிக்கு ஆறு பேர். அழகுக்காக யாரும் அதை வாங்கியதாகத் தெரியவில்லை. 1998இல் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் கையில் இருந்தது குறைந்தது ஒன்பது வயதான வண்டி. சொந்தமாகக் கார் வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம், ஆனால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். அப்படிப்பட்ட கார்.

அதைத்தான் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். கம்பெனியின் வணிகப் பெயரை அப்படியே எடுத்தால் வழக்கு வரலாம் என்று வேண்டுமென்றே ஓர் எழுத்தை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'இ'. தமிழில் எழுதினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அங்கேயோ அந்த ஒற்றை எழுத்துதான் காரையும் குழுவையும் பிரிக்கும் கோடு.

முதல் கட்டத்தில் கவனித்தவை (1998–2003)

அந்தக் காலத்து அமெரிக்காவில் கிறிஸ்தவ இசைக்குத் தனிச் சந்தை இருந்தது. தனிக் கடைகள், தனி வானொலி, தனி விருதுகள். பிள்ளை கேட்கிற பாட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். அந்தச் சந்தைக்குள் நுழைய இவர்களுக்குக் கிடைத்த வழி ரொம்பச் சாதாரணமானது. தோழி ஒருத்தியின் அப்பா, டிசி டாக் என்ற புகழ்பெற்ற கிறிஸ்தவக் குழுவுக்கு மேடையில் கித்தார் வாசித்தவர். நான் மாற்கு என்று சொன்னவர் அவர்தான். அவரிடம் ஒரு மாதிரிப் பதிவு செய்துகொண்டார்கள். அது டிசி டாக்கின் டோபி மெக்கீஹன் காதுக்குப் போனது. அவர் 1994இல் மற்ற இருவரோடு சேர்ந்து தொடங்கிய கோட்டீ என்ற இசைக் கம்பெனி இவர்களை எடுத்துக்கொண்டது. 2000இல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அந்த ஆண்டே புது டிரம்மர் ஒருவரும் சேர்ந்து, ஏழு ஆண்டுகள் நிலைத்தார்.

முதல் ஆல்பத்தில் என் கவனத்தை இழுத்தது, காதலியை மெரிலின் மேன்சன் என்ற ராக் பாடகர் தின்றுவிட்டதாகப் புலம்பும் ஒரு பாட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கச் சபை வட்டாரங்களில் மேன்சன் என்றாலே பீதி. பிள்ளைகளை அந்தப் பாடகரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் மிகத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். இவர்கள் அதே கவலையை எடுத்து, பூச்சாண்டி கதை ஆக்கிவிட்டார்கள். பெற்றோர் குறை சொல்ல முடியாது, பாட்டு அவர்கள் பக்கம்தானே நிற்கிறது. பையன்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. ஒரே பாட்டு இரண்டு பக்கத்துக்கும் ஒத்துப்போனது. இந்த வித்தையை இதற்குப் பிறகும் பலமுறை செய்தார்கள்.

2001இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் சேடி ஹாக்கின்ஸ் நடனம் பற்றி ஒரு பாட்டு. இது அமெரிக்கப் பள்ளிக்கூட வழக்கம். மற்ற நடன நிகழ்ச்சிகளுக்குப் பையன் போய்ப் பெண்ணைக் கூப்பிட வேண்டும், இதற்கு மட்டும் பெண் வந்து பையனைக் கூப்பிடுவாள். ஆல் கேப் வரைந்த ஒரு பத்திரிகைச் சித்திரத் தொடரில் 1937இல் வந்த கற்பனைதான் பிறகு நிஜ வழக்கமானது. யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்கும் பையனுக்கு வருடத்தில் ஒரு நாள் கதவு திறக்கிறது. காக்கி பேன்ட் போட்ட அந்தப் பையனின் திகைப்புத்தான் பாட்டு. பக்திப் பாட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஆல்பத்தில், விழுந்தாலும் எழுந்து நடக்கிறேன் என்று வெளிப்படையாக விசுவாசம் பேசும் பாட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வருகின்றன. நடனப் பாட்டுக்காக வட்டை வாங்கியவன் அடுத்ததையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இந்த ஆல்பம் பின்னாளில் 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று பெற்றது.

2003இல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் பெயர், இரண்டு இடது சேர்ந்தால் ஒரு வலது ஆகாது, மூன்று சேர்ந்தால் ஆகும் என்று பொருள்படும். ஒரு தவறை இன்னொரு தவறால் சரிசெய்ய முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. சரி என்பதற்கும் வலப்பக்கத்துக்கும் அங்கே ஒரே சொல். அதை வைத்துத்தான் விளையாட்டு. ஒரு நாற்சந்தியில் வலப்பக்கம் போக வேண்டியவர் மூன்று முறை இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள், அதே திசைக்கு வந்து நிற்பீர்கள். காரின் பெயரை வைத்துக்கொண்டவர்களுக்குப் பொருத்தமான ஜோக். இந்த ஆல்பம் கிராமி விருதுக்கு, ராக் நற்செய்தி இசைப் பிரிவில், பரிந்துரை பெற்றது.

அதே ஆண்டு ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம். அரங்கை அலங்கரியுங்கள் என்று தொடங்கும் பழைய கிறிஸ்துமஸ் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அதில் வரும் 'டெக்' என்ற சொல்லுக்குப் பேச்சுவழக்கில் ஓங்கிக் குத்துவது என்றும் அர்த்தம். எனவே ஆல்பத்தின் பெயர், அரங்கை 'டெக்' செய், கை கன்றிப்போகும் என்று போகிறது. நான்கு ஆண்டு கழித்து அதை விரிவாக்கி வெளியிட்டபோது, 'ரெய்ன்' என்ற மழையை 'ரெய்ன்டீர்' என்ற பனிமானுக்குள் ஒளித்து இன்னொரு பெயர் வைத்தார்கள். காளமேகத்தின் சிலேடையில் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் கண்டு ரசித்த நமக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். சின்னப் பிள்ளை விளையாட்டுதான். ஆனால் கேட்கிறவன் ஒரு நொடி தயங்கி, பிறகு பிடித்துவிட்டுச் சிரிக்கும் அந்தத் தயக்கத்துக்குள் ஒரு நெருக்கம் இருக்கிறது. புரிந்தவர்கள் எல்லாம் ஒரே கூட்டம். இந்தக் குழுவின் ரசிகர் வட்டம் அப்படித்தான் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

2004: எடுத்த முடிவு

நான்காவது ஆல்பத்தை கோட்டீயோடு கேப்பிடல் என்ற பெரிய கம்பெனியும் சேர்ந்து வெளியிட்டது. கிறிஸ்தவக் கடைக்கு வெளியே, பொது வானொலிக்குப் போகும் முடிவு. இப்படிப் போகிறவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். விசுவாசத்தை மெல்ல ஒதுக்கிவிடுவார்கள், அல்லது கிண்டலை ஒதுக்கிவிட்டுப் பெரிய மனிதர் வேடம் போடுவார்கள். இவர்கள் கிண்டலைப் பாட்டுக்குள்ளிருந்து எடுத்துப் பெயரில் வைத்தார்கள். பாட்டுகள் கனத்தன. தன்னிடமிருந்தே தப்பிக்கக் கெஞ்சுவது, இருந்தவனை இப்போது இருப்பவன் வெறுப்பது என்றெல்லாம் போயின. கேட்கிற பொதுஜனத்துக்கு அது இளமையின் குழப்பம், சபைக்குப் போகிறவருக்கு அது மனந்திரும்புதல். மறுபடியும் அதே இரட்டைக் கதவு. ஆல்பத்தின் பெயர் மட்டும் 'ம்ம்ஹ்ம்'.

அமெரிக்கனுக்கு அந்த முனகல் ஆமாம் என்று அர்த்தம். நம் வீட்டில் 'ம்' என்றால் ஆமாம், அதையே கொஞ்சம் இழுத்து 'ம்ஹூம்' என்றால் இல்லை. கடையில் போய் இந்த வட்டு வேண்டும் என்று எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டிலேயே பாஸ்காரர் விலகினார். ஓயாத பயணம் போதும் என்றாகிவிட்டது. ஊரில் தோட்டம் அமைக்கும் வேலையில் இறங்கினார், அப்புறம் இன்னும் கரடுமுரடான ஒரு மெட்டல் குழுவில் சேர்ந்தார். தொடங்கிய மூவரில் முதல் பிரிவு இதுதான். அவர் இடத்துக்கு ஒருவரை எடுத்ததோடு நிற்காமல், கித்தாரோடு பாஞ்சோ, மணிகள் என்று கைக்கு வந்ததை எல்லாம் வாசிக்கும் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் போன இடத்தில் இரண்டு பேர். போனவரைப் போலவே வாசிக்கும் ஆளைத் தேடியிருந்தால் ஒவ்வொரு மேடையிலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். சத்தத்தையே மாற்றிவிட்டதால் அந்தத் தொல்லை வரவில்லை.

என்ன நடந்தது (2004–2009)

ஆல்பம், அமெரிக்காவில் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 15ஆம் இடத்தில் நுழைந்தது. அதிலிருந்து இரண்டு பாட்டுகள் பொதுப் பாடல்களுக்கான முதல் நூறு பட்டியலில் ஏறின. ஒரு கிறிஸ்தவக் குழுவுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

2007 மார்ச்சில் ஐந்தாவது ஆல்பம். பெயர் லிங்கனிடமிருந்து. 1863இல் கெட்டிஸ்பர்க் உரையை அவர் 'நான்கு ஸ்கோரும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்' என்று தொடங்கினார். ஸ்கோர் என்றால் இருபது, ஆக 87 ஆண்டு. இவர்கள் நான்கை ஐந்தாக்கினார்கள். கணக்குப்படி 107 ஆண்டு வரும், ஆனால் அவர்கள் சொல்ல வந்தது ஐந்தாவது ஆல்பம், முதலாவது வந்து ஏழு ஆண்டு. இசைக்குறிப்புக்கும் ஆங்கிலத்தில் ஸ்கோர் என்றுதான் பெயர். அதையும் நினைத்தே வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆல்பம் 6ஆம் இடத்தில் நுழைந்தது.

இந்த ஆல்பத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இதில் ஒரு பாட்டு பன்னிரண்டு நொடி போல ஓடும். வண்ணக் கிரேயான்கள் எங்கள் மேல் உருகி வழிந்தாலும் எனக்குக் கவலை இல்லை என்பது போன்ற தலைப்பு. தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் கால்வாசி போய்விடும். கடைசிப் பாட்டோ பதினோரு நிமிடம். நுரையீரல் புற்றுநோயில் படுத்துவிட்ட ஒருவன் தன் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கிறான், முடிவில் இயேசு வந்து பேசுகிறார். அந்தக் குரலைக் கொடுத்தவர் ஸ்விட்ச்ஃபுட் குழுவின் பாடகர். இந்த இரண்டும் ஒரே வட்டில் இருக்கின்றன. அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஒரு வேளை அவர்களுக்கே தோன்றியிருக்கலாம். அதை வைத்திருந்தது நல்ல முடிவு என்பேன். அது இருப்பதால்தான் பதினோரு நிமிடப் பாட்டை யாரும் பிரசங்கம் என்று ஒதுக்கவில்லை. இவ்வளவு நேரம் நம்மோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று குரலைத் தாழ்த்துகிறான், நாமும் நிமிர்ந்து உட்கார்கிறோம்.

2007 கடைசியில் டிரம்மர் விலகினார், மனைவியோடு நடத்திய இன்னொரு குழுவுக்காக. 2008இல் புது ஆள் வந்தார். அந்த ஆண்டே ஒரு குறும்பதிவு, நாஷ்வில் டென்னிஸ் ஈ.பி. டென்னசி மாநிலத்து நாஷ்வில் என்பதைத்தான் அப்படி உடைத்திருக்கிறார்கள்.

2009இல் வந்த ஆறாவது ஆல்பம் என் கணக்கைக் கொஞ்சம் குழப்பியது. பாடகரின் சொந்த வாழ்வில் ஏற்பட்ட ஒரு முறிவுக்குப் பிறகு எழுதப்பட்ட பாட்டுகள் அவை. சிலேடை ஏறக்குறைய இல்லை, பெயர்கூட நேரான பெயர். கிண்டல்தான் இந்தக் குழுவின் அடித்தளம் என்று இதுவரை நான் கட்டிக்கொண்டு வந்த வாதப்படி இந்த ஆல்பம் தடுமாறியிருக்க வேண்டும். பழைய ரசிகர்களில் பலருக்கு இன்றும் அதுதான் உயர்வானது. சரி, அப்படியானால் கிண்டல் குறைந்தது ஒரு குறையே இல்லை என்றாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம்.

சறுக்கிய இடம் (2011–2013)

2011இல் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடி ஒரு தொகுப்பு வந்தது. குழுவின் பெயரோடு சேர்த்துப் படித்தால் 'கே' என்பது கரோக்கிக்கு என்று வரும். காரின் மாடல் எழுத்துக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து ஒரு புது விரிவு. முழுக்க அடுத்தவர் பாட்டு, ஆனால் பெயரே அதைச் சொல்லிவிட்டது.

2013இல் ஏழாவது ஆல்பம். முந்தையதற்கும் இதற்கும் நடுவே நான்கு ஆண்டு இடைவெளி. இந்த முறை வெளியிலிருந்து பாப் பாடலாசிரியர்களை அழைத்துச் சேர்ந்து எழுதினார்கள். முடிவின் காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. பதினைந்து ஆண்டு ஒரே கை எழுதினால் கை சோர்ந்துபோகும். புதுக் கைகள் சேர்ந்தால் புதுச் சத்தம் வரும். சத்தம் வந்தது. பளபளப்பாக, வானொலிக்கு ஏற்றபடி. ஆனால் பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு ஒட்டவில்லை. விசுவாசம் எங்கே என்று சிலர் கேட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பாட்டுகளை வேறு யாராவது பாடியிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. காக்கி பேன்ட் பையனை வேறு எந்தக் குழுவும் பாடியிருக்க முடியாது.

2009இன் நேர்மையும் 2003இன் சிலேடையும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை என்று காதுக்குத் தெரிந்தது. 2013இல் அந்த ஆள் அறையில் இருந்தார், ஆனால் கூடப் பலர் இருந்தார்கள். அந்த ஆண்டு டிரம்மர் விலகினார். அதைத் தொடர்ந்து பாஸ்காரரும் பல கருவி வாசித்தவரும் ஒதுங்கினார்கள். எஞ்சியவர்கள் இரண்டு மேட்கள் மட்டும்.

எதை மாற்றியிருக்கலாம்

ஆட்கள் விலகியதைத் தடுத்திருக்க முடியாது. பயணமும் குடும்பமும் வயதும் சேர்ந்து செய்கிற வேலை அது. பெரிய கம்பெனிக்குப் போனதையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

மாற்ற வேண்டியது 2013தான். அதிலும் வெளி ஆட்களோடு எழுதியது பிழை என்று சொல்லவில்லை. அதை எந்த உருவில் வெளியிட்டார்கள் என்பதில்தான் பிழை. இவர்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. சோதனை முயற்சிகளை எல்லாம் குறும்பதிவாகவோ, பண்டிகைத் தொகுப்பாகவோ, கரோக்கி தொகுப்பாகவோ, ஒரு சிரிப்புப் பெயர் வைத்து வெளியே விடுவார்கள். கேட்கிறவனும் அதற்கேற்பக் கேட்டுவிட்டுப் போவான். 2013இன் பாட்டுகளில் ஐந்தாறை அப்படி ஒரு குறும்பதிவாகப் போட்டிருந்தால், பாப்காரர்களோடு ஒரு சனிக்கிழமை என்கிற மாதிரி, யாரும் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். நான்கு ஆண்டு காத்திருந்தவனிடம் அதையே முழு ஆல்பமாக, ஏழாவது என்று எண் போட்டு நீட்டினார்கள். பந்தியில் உட்கார்ந்து இலை போட்டுக் காத்திருந்தவனுக்கு முதலில் ஐஸ்கிரீம் வந்தது போல.

2016

ஜூலையில் எட்டாவது ஆல்பம், இரண்டே பேர் கொண்ட குழுவாக. பதினாறு பாட்டுகள், பியானோ முன்னுக்கு வந்திருந்தது. கேன்டனில் அந்தக் காரை ஓட்டியவரும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கக்கூடியவரும் மட்டும் மிச்சம். காரின் பிராண்டு அதற்குள் இல்லை. பிளிமத் என்ற பிராண்டையே 2001இல் மூடிவிட்டார்கள். இனி யாரும் வழக்குப் போடுவார்கள் என்று தோன்றவில்லை, எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கலாம். திருத்தவில்லை.

அந்த ஆல்பத்தில் நீர்யானை அம்மாள் ஒருத்தியின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. நீர்யானை என்பதற்கு ஆங்கிலப் பன்மை எழுதுவதே தலைவலி. அதற்கு முன்னால் 'மிஸஸ்' என்று ஒரு மரியாதை, பன்மைக்குப் பின்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. யாருடைய எது என்று எழுதாமல், அந்தக் குறி சொல்லின் வாலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.